மதியத்துக்குள் சாகில்

ஜோகூரில் நீர்வீழ்ச்சி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கோத்தா திங்கி. விடுமுறை நாளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொஞ்சம் நடக்கவும் படியேறவும் தயார் என்றால் வடக்கே, தங்காக் பக்கம் போங்கள் என்பது என் கட்சி. அங்கே லேடாங் மலையடிவாரத்தில் இருக்கிறது சாகில் நீர்வீழ்ச்சி.

மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று போனோம். வானொலியில் காலை நிகழ்ச்சி செய்யும் எனக்கு நான்கு மணிக்கு எழுவது பழக்கம். வீட்டில் மற்றவர்களுக்கு அது தண்டனை. ஆனாலும் அம்மா, கணவர், அண்ணன் குடும்பம் என இரண்டு காரில் ஐந்தரைக்கே ஜோகூர் பாருவை விட்டுக் கிளம்பிவிட்டோம். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். தங்காக்கில் இறங்கி ரொட்டி சானாய், தோசை என்று பசியாறினோம்.

தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். திரும்பும்போது கடையில் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையில்தான் அம்மா மலைக்கு வரவே சம்மதித்தார். தன்னைப் பெண் கேட்ட மலாக்கா சுல்தானுக்கு லேடாங் இளவரசி தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம் என்று ஏழு நிபந்தனை விதித்தாளாம். "அம்மா ஒன்னுதானே கேக்குறாங்க" என்று அண்ணன் சமாதானம் சொன்னார்.

சாகிலில் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக விழுவதில்லை. பாறைகள்மேல் வழுக்கி வழுக்கி இறங்கி, இடையிடையே குளம்போலத் தேங்குகிறது. பக்கத்திலேயே படிக்கட்டு. கீழே கூட்டம், ஏற ஏறக் குறைகிறது. முழங்கால் வலியோடு அம்மாவும் நின்று நின்று ஏறிவிட்டார். தண்ணீரில் கால் வைத்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் கீழ்க்குளம் வரை கேட்டிருக்கும். அவ்வளவு சில்லிப்பு.

1,276 மீட்டர் உயரமுள்ள மலையுச்சிக்குப் போவது வேறு கணக்கு. அதற்குப் பதிவும் வழிகாட்டியும் ஒரு முழு நாளும் வேண்டும். 1854-ல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்த மலையில் ஏறினார். ஆங்கிலேயர் இதை ஓஃபிர் மலை என்றார்கள். மேலே தண்ணீர் கிடைக்காமல், குடுவைச் செடிகளுக்குள் பூச்சிகளோடு தேங்கியிருந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்ததாக எழுதியிருக்கிறார். எங்களிடம் நாசி லெமாக் பொட்டலமும் ஃபிளாஸ்க்கில் தேநீரும் இருந்தன. அறிவியலுக்கு நாங்கள் செய்த தொண்டு ஒன்றுமில்லை.

பதினொன்றரை இருக்கும். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். பக்கத்துப் பாறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இந்தப் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராம். திடீரென்று எழுந்தார்.

"பிள்ளைங்கள மேல தூக்குங்கம்மா. எல இறங்குது பாருங்க."

காய்ந்த சருகும் சுள்ளிகளும் மிதந்து வந்தன.

"வானம் நல்லாத்தானே இருக்கு, ஐயா?"

"இங்க நல்லாருக்கு. மேல கொட்டுது."

அண்ணன் மகன் அழ அழத் தூக்கிக்கொண்டு கரையேறினோம். எதிர்ப் பாறையில் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்களைப் பெரியவர் விசிலடித்துக் கூப்பிட்டார். முனகிக்கொண்டே வந்தார்கள். கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் தே தாரிக் நிறத்துக்கு மாறி, இரைச்சலோடு இறங்கியது. அவர்கள் நின்ற பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மலாயில் இதற்கு 'கெப்பாலா ஆயர்' என்று பெயர், தண்ணீரின் தலை. செங்குத்தான மலையில் பெய்யும் மழை விறுவிறுவென்று ஓடைக்குள் சேர்ந்துவிடும். விழுந்த மரமும் கிளைகளும் அதை அணைபோல் தடுத்து நிறுத்திப் பின் உடைந்தால், அத்தனையும் ஒரே மூச்சில் கீழே வரும். 2021 ஆகஸ்ட் 18-ல் கெடா ஜெராய் மலையில் இப்படி வந்த வெள்ளத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ஜோகூரிலும் 2001 டிசம்பரில் வாமேய் புயல் மழையின்போது பூலாய் மலையில் ஏற்பட்ட மண்சரிவில் ஐந்து பேர் மாண்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அந்த மலைக்குப் பொதுமக்கள் போக முடியவில்லை.

கைப்பேசியில் வானிலை பார்த்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அதில் தெரிவது பெரும்பாலும் ஊரின் வானிலை. உச்சியில் பெய்வது அதில் வராது. ஏப்ரல், மே, அக்டோபரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். காலையில் போய் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள். ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓட வேண்டாம். செருப்பு, பை எல்லாம் போனால் போகட்டும்.

மீதமிருந்த ஒரு நாசி லெமாக்கைப் பெரியவருக்குக் கொடுத்தோம். சம்பல் காரம் போதாது என்றார்.

தங்காக் கடைக்கு வந்தபோது மணி ஒன்றரை. மழை கீழேயும் இறங்கியிருந்தது. அம்மா துணி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்று யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.