ஆர்.வி.யும் ஒரு குட்டிப் பட்டனும்

போன கோடையில ஆர்.வி. வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன் போனோம். கிளம்பும்போது டயர்ல டி.ஓ.டி. எண்ணைப் பார்த்தேன். கடைசி நாலு இலக்கம் 2322ன்னா 2022ல 23வது வாரம் செஞ்சது. டயர் சூடாகுறதுக்கு முன்னாடியே காத்து பார்த்தாச்சு, கேஸ் வால்வு மூடியாச்சு. "ஆபீஸ்லதான் டெஸ்டிங், இங்கயுமா?"ன்னு தங்கமணி நக்கல்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டுட்டேன்.

ரெண்டாம் நாள் ராத்திரி பாப்பா தூங்குறதைப் பார்த்தப்போதான் ஞாபகம் வந்துச்சு. எழுந்தா எழட்டும்னு பட்டனை அமுக்கினா... சத்தமே இல்லை! கழட்டிப் பார்த்தா காலாவதி ஆகி ரெண்டு வருஷம். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது மக்களே. ஹீட்டர், ஜெனரேட்டர் எல்லாத்தையும் அணைச்சுட்டு மூணு போர்வையோட விடிய விடிய முழிச்சிருந்தேன். மறுநாள் முதல் வேலையா புது அலாரம்.

டிஸ்கி: உங்க வீட்டு அலாரத்தையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க.