ஓலை போன கடை

போன ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருந்தேன். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற மணலில், எப்போதும்போல, குடும்பம் குடும்பமாகப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சாத்தூர் திரும்பும் வழியில், பழக்கதோஷம், அண்ணாச்சி கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

கடையைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று தகடு ஒட்டிய முகப்பு, கண்ணாடிக் கதவு, எழுத்து ஓடுகிற போர்டு. உள்ளேயிருந்து அண்ணாச்சி மகன் வந்து, "வாங்க சார், ஏ.சி. போட்டாச்சு" என்றான்.

உட்கார்ந்து இரண்டு எண்ணெய் புரோட்டா சாப்பிட்டேன். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனசில் ஒரு நெருடல். வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை.

பழைய கடையை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பனங்கை போட்டு ஓலை வேய்ந்த கொட்டகை. சாயங்காலம் வாசலில் தண்ணீர் தெளித்தால் கரிசல் மண் வாசம். ரோட்டைப் பார்த்த மாதிரி அடுப்பு, அதன்மேல் நடுவில் பள்ளமான பெரிய கல். மாஸ்டர் மாவை வீசுவதும், சுருட்டுவதும், பொரிந்ததை எடுத்து அடுக்கி இரண்டு கையாலும் தட்டுவதும் போகிற வருகிறவர் எல்லோருக்கும் தெரியும். விருதுநகர்ப் பக்கத்துப் புரோட்டா எண்ணெயில் பொரிவது. அந்தச் சத்தமே விளம்பரம். பெஞ்சில் இடம் இல்லாவிட்டால், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று முன்பின் தெரியாதவர் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்காருவோம்.

சுவர் முழுக்கச் சிவகாசியில் அச்சடித்த காலண்டர்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு வரைந்த லட்சுமி ஒன்று உண்டு. அவர் 1976-இல் காலமானார். அந்தக் காலண்டரின் தேதித்தாள் எப்போதோ தீர்ந்துவிட்டது. லட்சுமி மட்டும் சுவரைவிட்டு இறங்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் புகையில் கறுத்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை கூட்டம் தாங்காது. தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் வாரச் சம்பளம் வாங்கியவர்கள் தூக்குவாளியோடு வருவார்கள். சால்னா தூக்கில், புரோட்டா வாழை இலையில், மேலே செய்தித்தாள். பிறகு பாலிதீன் பை வந்தது. 2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழக அரசு அதற்குத் தடை போட்டபோது, தூக்குவாளி திரும்பி வரும் என்று நான் நினைத்தேன். சில நாள் வந்தது.

இவ்வளவு எழுதிவிட்டு, மற்ற பாதியையும் எழுதாவிட்டால் அது நியாயமில்லை.

அந்தப் புகை லட்சுமியை மட்டும் கறுக்க வைக்கவில்லை. பின்கட்டில் விறகடுப்பில் சால்னா கொதிக்கவைத்த அண்ணாச்சி வீட்டு அம்மாவுக்கு எப்போதும் கண் சிவந்தே இருக்கும். கண் நோய்க்கு இருக்கன்குடி அம்மனை வேண்டிக்கொள்வது நம் ஊர் வழக்கம். அந்த அம்மாவும் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார்கள். சாத்திவிட்டுத் திரும்பி அதே அடுப்புக்குத்தான் வந்தார்கள்.

இன்னொன்று. 1964-இல் நான் ஐந்தாம் வகுப்பு. அண்ணாச்சியின் அப்பா கடையை நடத்திய காலம். கொட்டகையின் வெளிக்காலில் ஒரு ஆணி. அதில் ஒரு அலுமினியக் குவளை தொங்கும். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவனின் அப்பா ஒருநாள் வந்து, அந்தக் குவளையை எடுத்து நீட்டி, மேலேயிருந்து ஊற்றிய டீயைத் தள்ளிக் குந்தி உட்கார்ந்து குடித்தார். தானே கழுவி மறுபடியும் ஆணியில் மாட்டினார். அப்பாவோடு உள்ளே பெஞ்சில் இருந்த என்னை அவர் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆணி எந்த வருஷம் போனது என்று நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

ஓலைக் கொட்டகை போனதில் என் கையெழுத்தும் உண்டு. 1994-இல் வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். அண்ணாச்சி கடைக்குக் கடன் கேட்டு வந்தார். ஓலைக் கூரைக்குக் கடன் கிடையாது, கெட்டிக் கட்டடம் என்றால் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஓலைக்கு ஒரு பொறி போதும். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட பிறகு அண்ணாச்சி ஒன்று கேட்டார்: "அடுப்ப எங்க சார் வைக்க?" படத்தில் பின்னால் போட்டிருந்தது. "பின்னால வச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். அதைத்தான் இப்போது யோசிக்கிறேன்.

ஓலை போகட்டும். புகை போனது நல்லது. அந்த ஆணி எந்தக் காலத்திலும் திரும்பி வரக்கூடாது. ஆனால் அடுப்பு பின்னால் போயிருக்க வேண்டியதில்லை. யார் சமைக்கிறார், என்ன எண்ணெய், எப்படிப் பொரிகிறது என்று பார்த்துக்கொண்டே பசியோடு நின்ற நாலு பேர் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். இப்போது மாஸ்டர் முகம் எனக்குத் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் செல்லைப் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். முன்னால் 7-ஆக இருந்து இன்று 44-ஆக மாறிய நெடுஞ்சாலையில், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் இதே தகடு, இதே கண்ணாடிதான்.

காசு கொடுக்கும்போது தம்பியிடம் கேட்டேன், "அடுப்ப முன்னால கொண்டு வரக் கூடாதா?"

"புழுதி சார். லாரி போற ரோடு" என்றான். கொஞ்சம் யோசித்து, "கண்ணாடி அடைச்சு, மேல புகைபோக்கி வச்சுச் செய்யலாம். செலவாகும்" என்றான்.

"லட்சுமி எங்கப்பா?"

கல்லாவுக்குப் பின்னால் கையைக் காட்டினான். சட்டம் போட்டு மாட்டியிருந்தான். கறுப்பைத் துடைக்கவில்லை. "துடைச்சா அம்மா நெனப்பு போயிரும் சார்" என்றான்.

அடுத்த ஆடிக்கு மறுபடியும் போக வேண்டும். அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.