எந்த நாடு என்று கேட்ட பெட்டி

வேலணையில் கன வருசமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கொமினிகேஷன் கடையை எங்கட வாசிப்பு வட்டத்துக்குத் தரலாம் என்று கடைக்கார அண்ணை சொன்னார். வாடகை வேண்டாம், துப்புரவாக்கி வைச்சிருந்தால் காணும் என்றார். நாங்கள் நாலு பேர் போனோம். ஊர்காவற்றுறையில் இருந்து ஒருவர், புங்குடுதீவில் இருந்து இரண்டு பேர், நயினாதீவில் இருந்து ஒருத்தி. அவள் காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடிச்சு, வேலணையில் வந்து இறங்க, நாங்கள் அரைவாசித் தூசி தட்டி முடிச்சிருந்தோம். (கால்வாசி என்று அவள் இப்பவும் சொல்லுகிறாள்.)

உள்ளே பலகைத் தட்டி வைச்சுப் பிரிச்ச இரண்டு ரெலிபோன் கூடு. சுவரில் ஒரு மட்டை. கனடா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, ஜேர்மனி, லண்டன் என்று எழுதி, பக்கத்தில் நிமிடக் கணக்குக் காசு. லண்டனை ஒரு நாடாகவே எழுதியிருந்தது. இலங்கை மட்டையில் இல்லை, அது என்னத்துக்கு இருக்க வேணும்?

மேசை லாச்சிக்குள்தான் அந்தப் பெட்டி கிடந்தது. ஒரு கொப்பியளவு அகலம், முன்பக்கம் வரிசையாகச் சின்ன விளக்குகள், பின்பக்கம் ரெலிபோன் வயர் குத்துகிற ஓட்டை. மொடெம். நாங்கள் பிறந்த காலத்துச் சாமான், ஆனால் எங்களில் ஒருவரும் அதைப் பாவிச்சதில்லை. குப்பைச் சாக்குக்குள் போடப் போக அண்ணை ஓடிவந்து பறிச்சுப் போட்டார்.

"உது குப்பையில்லை பிள்ளையள். உது என்னை இரண்டு நாள் அழ வைச்சது."

2002 மாசி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம். சித்திரையில் ஏ-9 திறந்தது. அடுத்த வருசம் அண்ணை இந்தக் கடையைப் போட்டிருக்கிறார். கூரையில் அன்ரனா வைச்ச, கம்பியில்லாத ரெலிபோன் லைன். எங்கட கூரைகளுக்கு அன்ரனா புதுசில்லை. எண்பதுகளில் தூரதர்ஷன் பார்க்க யாழ்ப்பாணம் முழுக்க உயர உயரக் குழாய் நட்ட சனம்தானே. கொழும்பில் இருந்து ஒரு பழைய கொம்பியூட்டரும் இந்த மொடெமும் வந்து சேர்ந்தது. பூட்டினார். ஓன் பண்ணினார். விண்டோஸ் முதலில் கேட்ட கேள்வி, நீ இப்ப எந்த நாட்டில் இருக்கிறாய்? அண்ணை இலங்கை என்று தெரிவு செய்தார். டயல் பண்ணினார். "டயல் ரோன் இல்லை" என்று வந்தது.

ரிசீவரைத் தூக்கிக் காதில் வைச்சால் டயல் ரோன் வடிவாகக் கேட்குது. மொடெமுக்கு மட்டும் கேட்குதில்லை. இரண்டு நாள் வயரை மாத்தி, பெட்டியை மாத்தி, நல்லூருக்கு நேர்த்தியும் வைச்சாராம்.

விசயம் என்னவென்றால், கொம்பியூட்டருக்கு நாடு சொல்லியாச்சு, மொடெமுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது தனக்குள்ளே தனியாக ஒரு நாட்டை வைச்சிருந்தது. ஒவ்வொரு நாட்டு ரெலிபோனும் ஒவ்வொரு சத்தத்தில் பேசும். அமெரிக்காவில் டயல் ரோன் என்றால் 350 ஹேட்ஸும் 440 ஹேட்ஸும் சேர்ந்த சத்தம். ஐரோப்பாவில் கன இடங்களில் 425 ஹேட்ஸ் ஒற்றைச் சத்தம். தான் படிச்ச சத்தம் வரும்வரைக்கும் காத்திருக்கிற மொடெமுக்கு வேறு சத்தம் வந்தால், அதன் கணக்கில் அது சத்தமே இல்லை. சத்தம் மட்டுமில்லை, லைனில் எவ்வளவு பலமாகக் கத்தலாம், ஒருக்கால் பிழைச்சால் எத்தனை தரம் திருப்பி எடுக்கலாம் என்பதும் அந்த நாட்டுத் தெரிவுக்குள்ளே அடக்கம்.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற ஒரு பெடியன் போனிலேயே மருந்து சொன்னான். அமைப்புக்குள் போய், மேலதிகக் கட்டளை என்ற இடத்தில் "எக்ஸ் 3" என்று அடியுங்கோ. அதன் கருத்து, டயல் ரோனுக்குக் காத்திராதே, கண்ணை மூடிக்கொண்டு டயல் பண்ணு. அவ்வளவுதான். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பத்திச்சுது, பெட்டி கீச்சிட்டுக் கத்திச்சுது, இணையம் வந்தது. 56கே என்று பெட்டியில் எழுதியிருந்தும், வந்த வேகம் 9600. அண்ணை அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

ஏன் 9600? இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரின் மாமாவிடம் கேட்டோம். புங்குடுதீவுக்காரர், இப்ப ரொறன்ரோவில். அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு இணைய நிறுவனத்தில், டயல் பண்ணுகிறவர்களின் அழைப்பை வாங்குகிற மற்றப் பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்தவர். வட்ஸ்அப்பில் வீடியோ போட்டு மொடெமைத் தூக்கிக் காட்டினோம். மனிசன் அரை மணித்தியாலம் நிற்பாட்டவில்லை.

குரல் ரெலிபோனுக்குள் போனால் செக்கனுக்கு 8000 தரம் அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிற்றாக எழுதும். மொத்தம் 64 கிலோபிற். கம்பியில்லாத லைன்களில் இடம் மிச்சம் பிடிக்க இதைப் பாதியாகச் சுருக்குவார்கள். மனிசக் குரலுக்கு அது காணும். மொடெமின் கீச்சுக்குக் காணாது. "உங்கட அண்ணைக்கு 9600 வந்ததே பெரிய காரியமடா" என்றார் மாமா.

பிறகு தன்ர பக்கத்துக் கதை. அவர் பார்த்தது சிஸ்கோவின் ஏ.எஸ். 5300. மொடெம் என்றால் ஒவ்வொரு பெட்டியாக அடுக்குவதில்லை, ஒரு மட்டையில் பல மொடெம். பின்னால் ஈ-1 லைன், ஒரு லைனில் 30 அழைப்பு. அமெரிக்காவில் அதுக்குப் பதிலாக ரி-1, 24 அழைப்பு. அந்தப் பெரிய பெட்டியும் எங்கட சின்னப் பெட்டி கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்குமாம். நாடு எது? ஒரு வரிக் கட்டளை. நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கும், பட்டியலில் இல்லாத ஊருக்கு "ஈ-1 பொது", "ரி-1 பொது" என்று இரண்டு தெரிவு. மாமா போட்டது ஈ-1 பொது.

"அப்ப நாங்கள் பொதுவோ?" என்று கேட்டோம்.

"லைனுக்கு நீங்கள் ஆரெண்டு தேவையில்லை. ஏ-லோவோ மியூ-லோவோ எண்டதுதான் தேவை."

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்த 8 பிற்றை எழுதுகிற முறை உலகத்தில் இரண்டு. வட அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லோ. நாங்கள், ஐரோப்பா, மிச்ச உலகத்தில் பெரும்பகுதி ஏ-லோ. மாறி வைச்சால் சத்தம் போகும், ஆனால் கோணலாகப் போகும். மனிசக் காது பொறுத்துக்கொள்ளும், மொடெம் பொறுக்காது. இரண்டு முறை நாடுகளுக்கு நடுவில் அழைப்புப் போனால் யார் மாத்திக் கொடுக்கிறது என்பதுக்கும் விதி இருக்கிறது. மியூ-லோ நாடுதான் மாத்த வேணும். அதாவது ரொறன்ரோவும் புங்குடுதீவும் கதைச்சால், மாத்துகிற வேலை கனடாவுக்கு. மாமாவுக்கு இந்த விதியில் ஒரு தனி விருப்பம். இரண்டு தரம் சொன்னார்.

ஃபேர்ம்வெயர் என்பது மொடெமின் உள்ளேயே எழுதி வைச்சிருக்கிற புத்தி. 1997 இல் 56கே வேகத்துக்கு இரண்டு கட்சி, எக்ஸ்2 என்று ஒன்று, கே56ஃபிளெக்ஸ் என்று மற்றது. ஒன்றின் பாஷை மற்றதுக்கு விளங்காது. 1998 இல் வி.90 என்று பொதுவாக ஒன்று வந்தது. கன மொடெம்களுக்குப் பெட்டியை மாத்தாமல் புத்தியை மட்டும் மாத்தினால் காணும். அதுக்குப் பிறகும் திருத்தத்துக்கு மேல் திருத்தம். ஒவ்வொரு திருத்தத்தையும் ஏத்த வேணும். ஏத்தும்போது அந்த மொடெமில் ஒருவரும் கதைச்சுக்கொண்டிருக்கக் கூடாது. நாட்டை மாத்துகிறதென்றால் இன்னும் மோசம், பெட்டியில் உள்ள எல்லா மொடெமும் சும்மா இருக்க வேணும்.

ஆட்கள் எப்ப சும்மா இருப்பார்கள்? பெட்டி தானாகவே வைச்சிருந்த பராமரிப்பு நேரம் விடியப்புறம் மூன்று மணி. பல தரம் இணைப்பு எடுபடாமல் போன மொடெமைப் பெட்டி பழுது என்று சந்தேகிச்சு, அந்த நேரத்தில் அதுக்குத் திரும்பவும் ஃபேர்ம்வெயர் ஏத்தும். (பிழை லைனிலா மொடெமிலா என்று அது பார்க்காது.) அந்த நேரம் முடிஞ்சும் ஆராவது லைனில் இருந்தால் என்ன செய்கிறது? அதையும் நாங்கள் சொல்லிவைக்கலாம். நாளைக்குத் தள்ளு, அல்லது அழைப்பை அறு.

"நான் அறு எண்டு போட்டன்" என்றார் மாமா. "மூண்டு மணிக்கு ஆர் முழிச்சிருக்கப்போயினம்?"

இந்த இடத்தில்தான் கடைக்கார அண்ணை, அதுவரைக்கும் வாசலில் நின்று சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளுக்கு வந்தார்.

2003 இல் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னால். 1996 இல் மணிக்கூட்டை மாத்தினது, 2006 சித்திரையில்தான் பழையபடி ஐந்தரை ஆனது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமேதான் ஓடினது, ஓமந்தை தாண்டினால் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போகும். அதைவிடுங்கோ. கோடை காலத்தில் இங்கே விடியப்புறம் மூன்று மணி என்றால் பாரிஸில் இரவு பதினொரு மணி. உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை முடிஞ்சு பெடியள் அறைக்கு வருகிற நேரம்.

நயினாதீவில் இருந்து ஒரு அம்மா மாதத்தில் ஒருநாள் வருவா. பின்னேரப் படகில் வந்து, கடைக்குப் பின்னால் இருக்கிற அண்ணையின் வீட்டில் படுத்து, மூன்று மணிக்குக் கிட்ட எழும்பிக் கடைக்குள் வந்து இருப்பா. ரெலிபோன் எடுத்தால் நிமிடத்துக்குக் காசு ஏறும். இணையத்தில் எழுத்தாகக் கதைச்சால் கன நேரம் கதைக்கலாம். அம்மா சொல்லச் சொல்ல அண்ணை ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார், அங்கேயிருந்து மகன் அடிக்கிறதை வாசிச்சுச் சொல்லுவார். "அம்மா அழுகிறா எண்டதையும் நான்தான் அடிக்கோணும்" என்றார் அண்ணை. சிலவேளை அடிக்காமல் விட்டிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது எங்கட முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருநாள் மகன் கேட்டிருக்கிறார், அப்பாவுக்கு ஒப்பரேசன் என்றீங்கள், என்ன மாதிரி? அண்ணை "அப்பாவுக்கு" என்று அடிச்சு அனுப்பிப்போட்டு மிச்சத்தை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு திரும்ப, லைன் அறுந்துபோச்சு. திருப்பித் திருப்பி எடுத்தும் விழவில்லை. அம்மா காலைப் படகுக்குப் போய்விட்டா. பின்னேரம் மூன்று மணிக்கு மகன் பாரிஸில் இருந்து கடைக்கு நேரே ரெலிபோன் எடுத்தார். எடுத்த எடுப்பில், "அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ." கண்புரை ஒப்பரேசன், நல்லபடி முடிஞ்சு மனிசன் வீட்டில் பேப்பர் வாசிக்கிறார். அண்ணை அதைச் சொன்ன பிறகும் மற்றப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.

மூன்று மணிக்கு லைன் அறுகிறது அதுக்கு முன்னும் பின்னும் சில தரம் நடந்திருக்கிறது. கடையில் அதுக்கு ஒரு பெயரும் இருந்தது, மூண்டு மணி முனி.

போனுக்குள் மாமா அசையாமல் இருந்தார். படம் உறைஞ்சுபோச்சு என்று நாங்கள் நினைச்சோம். "எந்தக் கொம்பனி லைன் பாவிச்சனியள்?" என்று கேட்டார். அண்ணைக்கு அது மறந்துபோச்சு. இரண்டு மூன்று மாத்தினவராம். ஆகவே அந்த அழைப்பை அறுத்தது மாமாவின் பெட்டிதானா, வேறு ஒரு பெட்டியா, அல்லது வேலணைக் காற்றும் உப்பும்தானா என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மாமாவின் திரையில் அந்தக் காலத்தில் அழைப்பு என்றால் ஒரு இலக்கமும் இத்தனை நிமிடம் என்பதும்தான். அவர் சரி பிழை ஒன்றும் கதைக்கவில்லை. "நாளைக்குத் தள்ளு எண்டு போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு அண்ணையிடம் அந்த அம்மா இருக்கிறாவோ என்று கேட்டார். இல்லை, சுனாமிக்கு அடுத்த வருசம் மோசம் போனவ. மகன் இப்பவும் பாரிஸில்தான்.

2006 ஆவணியில் ஏ-9 திரும்ப மூடுப்பட்டது. கொஞ்ச நாளில் அண்ணையும் கடையைப் பூட்டினார். அதுக்குப் பிறகு சீ.டி.எம்.ஏ. போன், பிறகு கைபேசி, பிறகு எங்கட காலம். இப்ப நாங்கள் கடையில் பூட்டியிருக்கிற வைஃபை ரவுட்டரும் கனடாவில் இருந்து ஒருவர் கொண்டுவந்து தந்த பழசுதான். அதுவும் நாடு கேட்டது. அமெரிக்கா என்று விட்டால் 11 சனல், மற்ற நாடுகளில் பொதுவாக 13. எங்களில் ஒருவர் ஃபேர்ம்வெயரை ஏத்தத் தொடங்க, மற்ற மூன்று பேரும் வாசலில் நின்று கறண்ட் போகக்கூடாது என்று லைற் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியாக மொடெமையும் ஒருக்கா உயிர்ப்பிச்சுப் பார்த்தோம். பொருத்தமான அடப்டர் தேட ஒரு கிழமை, பழைய சீரியல் வயரை மடிகணினியில் குத்த ஒரு மாத்தி. விளக்கு பத்திச்சுது. ஏ.ரி. என்று அடிச்சோம். ஓகே என்று பதில் வந்தது. இருபது வருசம் லாச்சிக்குள் கிடந்த சாமான்! மாமா அனுப்பின குறிப்பில் இருந்த கட்டளையை அடிச்சு, உனக்குள் வைச்சிருக்கிற நாடு எது என்று கேட்டோம். பி5 என்றது. சர்வதேசப் பட்டியலில் தேடிப் பார்த்தோம். பி5 என்றால் ஐக்கிய அமெரிக்கா. அண்ணை எக்ஸ் 3 போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு டயல் பண்ண வைச்சாரே ஒழிய, நாட்டை மாத்தவேயில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் என்ர கடை அமெரிக்காவிலயோ இருந்தது?" என்றார் அண்ணை.

மாத்தி விடவோ என்று கேட்டோம். வேண்டாம் என்றார். விளக்கு மங்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்று, வயரைக் கழற்றிச் சுத்தி, திரும்பவும் லாச்சிக்குள்ளேயே வைச்சார்.