கயிறுகளைக் கற்றல்

பிறநாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் நம் இளைஞர்கள் ஏட்டில் பயின்ற ஆங்கிலம் வேறு. வேலையிடத்தில் அவர்கள் செவியில் விழும் ஆங்கிலம் வேறு. துபாயில் ஒரு கிடங்கில் பணியேற்ற என் தமக்கை மகனிடம், மேலாளர் மூத்த ஊழியர் ஒருவரைச் சுட்டி, “ஹீ வில் ஷோ யூ த ரோப்ஸ்” என்றாராம். மூட்டை கட்டும் கயிற்றைக் காட்டுவார் போலும் என்று அவன் காத்து நின்றிருக்கிறான். “அதற்கு என்ன பொருள், மாமா?” என்று அன்றிரவே தொலைபேசியில் கேட்டான்.

அத்தொடர் பாய்மரக் கப்பலில் பிறந்தது என்பர். பெருங்கப்பல் ஒன்றில் நூற்றுக்கணக்கான கயிறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனியிடம், தனிப்பணி. இருளிலும் புயலிலும் தேடிக்கொண்டிருக்க இயலாது. கட்டளை பிறந்ததும் கை தானே உரிய கயிற்றைப் பற்ற வேண்டும். தவறிய கயிற்றை அவிழ்த்தால் பாய் கிழியும். மேலே நிற்பவனின் உயிருக்கும் கேடு நேரலாம். 1834இல் பாஸ்டனிலிருந்து சாதாரண மாலுமியாகக் கப்பலேறிய ரிச்சர்டு ஹென்றி டேனா, 1840இல் வெளியிட்ட தம் கடற்பயண நூலில் இத்தொடரை ஆண்டுள்ளார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரக்கலம் செலுத்திய முன்னோரைக் கொண்ட நமக்கு இவ்வுவமை அயலானதன்று.

ஆயினும் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஆகாது. தமிழில் ‘கயிறு திரிக்கிறான்’ என்றால் பொய் புனைகிறான் என்றன்றோ பொருள்? ‘தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றல்’ என்பதே நம் வழக்கு. புதியவன் ‘லேர்ன்’ செய்கிறான். மூத்தவர் ‘ஷோ’ செய்கிறார். தேர்ந்தவரை ‘நோஸ் த ரோப்ஸ்’ என்பர். “ஐ ஆம் ஸ்டில் லேர்னிங் த ரோப்ஸ்” என்று புதியவன் பணிவோடு கூறின், அது குறையாகாது. பொறுத்துக் கற்பியுங்கள் என்னும் வேண்டுகோளாகும்.

இத்தொடரில் இருவர் உளர் என்பதை நாம் மறத்தலாகாது. கற்பவனுக்குக் கேட்கும் துணிவு வேண்டும்; அறிந்தவருக்குக் காட்டும் மனம் வேண்டும். தாம் பட்ட பாட்டைப் பின்வருவோனும் படட்டும் என்று வாய்மூடி இருப்போர் எத்தொழிலிலும் உளர். கப்பலில் அது நடவாது. புதியவன் தவறிய கயிற்றை அவிழ்த்தால், வாய்மூடி நின்றவரும் அதே கப்பலில்தானே இருக்கிறார்!