பிள்ளைக்குப் பதில் சொல்வது யார்?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வட்ஸ்அப் குழுக்கள் வழியே வீடு தேடி வந்தன. கண்டி நகரத்திலும், அக்குறணை, கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டை என்று அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தோட்டங்களிலும் கடன்பட்டாவது ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். பாடசாலை திறந்த பிறகும் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. மூத்த பிள்ளையின் படிப்புக்காக வாங்கியது இன்று மூன்று, நான்கு வயதுச் சின்னப்பிள்ளையின் கையில் இருக்கிறது. எப்படியும் பார்க்கத்தான் போகிறது, அதில் ஏதாவது படிக்கட்டுமே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். விளையாட்டும் படிப்பும் சேர்ந்த நல்ல செயலி எது என்று முன்பள்ளி ஆசிரியைகளைக் கேட்கிறார்கள். அக்கறையுள்ள கேள்விதான். ஆனால் செயலியின் பெயரை மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். பிள்ளை திரையில் ஒன்றைத் தொட்டு நிமிர்ந்து பார்க்கும்போது அதற்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதே மீதிப் பாதி. சிறுபிள்ளையின் கற்றல் அந்த இரண்டாம் பாதியில்தான் நடக்கிறது என்பது என் துணிபு. செயலியைத் தேர்வதற்கும் அதுவே அளவுகோலாக இருக்க வேண்டும்.

முதலில் 'கல்வி' என்ற அந்த முத்திரையை நம்பலாமா என்று பார்ப்போம். ஒரு பாடநூல் தரம் ஒன்றுப் பிள்ளையின் கைக்கு வருமுன் பாடவிதானம் வகுத்தவர்களும் பதிப்பாசிரியர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். செயலிக் கடையில் அப்படியில்லை. தன் செயலியைக் கல்விப் பிரிவில் சேர்ப்பவர் பெரும்பாலும் அதைச் செய்தவரேதான். அமெரிக்காவில் கேத்தி ஹிர்ஷ்-பாசெக்கும் அவருடன் பணிபுரிந்த உளவியலாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வுரை, ஒரு செயலி உண்மையில் கற்பிக்க நான்கு தூண்கள் வேண்டும் என்றது. பிள்ளையின் மனம் சும்மா இராமல் உழைக்க வேண்டும், கவனம் சிதறக்கூடாது, படிப்பது பிள்ளையின் வாழ்க்கையோடு பொருந்த வேண்டும், இன்னொரு மனிதரோடு உறவாட இடமிருக்க வேண்டும். பின்னர், அதிகம் தரவிறக்கப்படும் கல்விச் செயலிகளை இந்த நான்கையும் கொண்டு மதிப்பிட்டபோது பாதிக்கு மேற்பட்டவை தாழ்ந்த தரத்திலேயே நின்றன. தொட்டால் சத்தம் வரும், சரியென்றால் நட்சத்திரம் பொழியும், தவறென்றால் மணி அடிக்கும். விரல் ஓடுகிற அளவுக்கு மனம் ஓடுவதில்லை.

விலையில்லாமல் கிடைப்பவற்றுக்கு இன்னொரு விலை உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள பிள்ளைகளுக்கான 135 செயலிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 95 வீதமானவை ஏதாவதொரு வகையில் விளம்பரம் காட்டின. ஆட்டத்தின் நடுவே பாய்ந்து வரும் காணொளிகள் இருந்தன. பூட்டிய பெட்டியைத் திறக்கப் பணம் கேட்கும் பொத்தான்கள் இருந்தன. வாங்காவிட்டால் முகம் வாடி அழும் கதாபாத்திரம்கூட இருந்தது. விளம்பரம் எது, ஆட்டம் எது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிரித்தறியத் தெரியாது. நம் நாட்டில் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த விடயம் இன்னும் கூர்மையானது. கடதாசித் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க நேர்ந்தது. கொப்பிக்கும் படப் புத்தகத்துக்கும் விலை ஏற ஏற, ரீலோட் போட்ட போனில் கிடைக்கும் இலவசச் செயலி பெற்றோருக்கு மலிவாகத் தெரிந்தது. அந்த நெருக்கடியில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் கவனம் விற்பனைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டாவது தேர்வு செய்ய வேண்டும்.

திரைக்கும் கற்றலுக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும் சோதனைகள் மூன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்டது முதலாவது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினரோடு சீன மொழி பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை வாசித்தார்கள். வேறு சில குழந்தைகள் அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் மட்டும் கண்டார்கள். நேரில் கேட்ட குழந்தைகளுக்கு அம்மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது. திரையில் பார்த்தவர்களுக்குப் பிடிபடவேயில்லை. 2010இல் ஜூடி டிலோச் குழுவினர் செய்தது இரண்டாவது. ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு, சொல் கற்பிப்பதாகப் புகழ்பெற்ற ஓர் ஒளித்தட்டை நான்கு வாரம் காட்டினார்கள். ஒளித்தட்டே இல்லாமல், அன்றாட வேலைக்கிடையே பெற்றோர் அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே மற்ற எல்லாரையும்விட அதிகம் கற்றிருந்தார்கள். மூன்றாவது 2014இல் வந்தது. இரண்டு வயது கடந்த பிள்ளைகள் பதிவுசெய்த காணொளியிலிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்கவில்லை. நேரடி வீடியோ அழைப்பில் ஒருவர் அவர்களோடு பேசியபோது கற்றார்கள். இரண்டிலும் கண்ணாடித் திரைதான். ஒன்றில் பிள்ளை கேட்டதற்குப் பதில் வந்தது, மற்றதில் வரவில்லை. சவூதியிலும் கட்டாரிலும் வேலை செய்யும் தகப்பன்மார் இரவில் அழைத்து, இன்று என்ன சாப்பிட்டாய், முன்பள்ளியில் யாரோடு விளையாடினாய் என்று கேட்கும் பத்து நிமிடம், கல்வி முத்திரை குத்திய பல செயலிகளைவிடப் பிள்ளைக்குப் பயன்படுவது இதனால்தான்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் தேர்வு அவ்வளவு கடினமில்லை. விளம்பரம் இருக்கக்கூடாது. இணையம் இல்லாமலும் இயங்க வேண்டும். மலைச்சரிவுகளில் சிக்னல் கிடைப்பது அரிது, டேட்டாவும் காசு. ஓர் ஆட்டம் முடிந்தால் முடிந்தது என்று நிற்க வேண்டும். அடுத்தது அடுத்தது என்று இழுத்துக்கொண்டு போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்கவும் சொல்லவும் இடைவெளி வேண்டும். கூகிள் 2019இல் இந்தியாவில் 'போலோ' என்று தொடங்கி, மறு ஆண்டு 'ரீட் அலோங்' என்று பெயர் மாற்றிய செயலி தமிழுக்கும் வந்தது. பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் இடத்தில் உதவுகிறது. தரவிறக்கிய கதைகளை இணையமின்றி வாசிக்கலாம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் படக்கதைகள் வாசிப்புத் தரம் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன; ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி எடுக்கலாம். 2018இல் வந்த கான் அகடமி கிட்ஸ் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளம்பரமோ கட்டணமோ இல்லாதது. ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது. அதில் பிள்ளை தானே ஒரு கதையை அசைய வைக்கிறது. பூனை ஏன் ஓடியது, எங்கே போகிறது என்று நாம் கேட்டுக்கொண்டேயிருக்கலாம். அ, ஆ எழுத்துகளின் மேல் விரலால் கோடு போடும் தமிழ்ச் செயலிகள் பல உண்டு. கையைப் பழக்க அவை உதவும். 247 எழுத்தையும் தடவி முடித்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது.

இவற்றையெல்லாம்விட நல்ல இரண்டு செயலிகள் எல்லாப் போனிலும் ஏற்கனவே இருக்கின்றன: கெமராவும் குரல் பதிவும். பேராதனைப் பூங்காவில் கூட்டமாகத் தொங்கும் வௌவாலையும், கண்டி வாவியின் கரையில் ஊர்ந்து போகும் கபரக்கொய்யாவையும், உடவத்தக்கலைக் காட்டின் குரங்குக் குட்டியையும் பிள்ளையே படம் பிடிக்கட்டும். இரவு அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது என்ன செய்துகொண்டிருந்தது, உனக்குப் பயமாக இருந்ததா, நாளைக்கு எங்கே போகும் என்று கேட்டால் பிள்ளையின் வாயிலிருந்து வாக்கியங்கள் வரும். அப்பம்மா சொல்லும் கதையைப் பதிந்து வைத்தால், அவர் இல்லாத நாளிலும் அதே குரலில், வீட்டுத் தமிழில் அது கேட்கும். பிள்ளை அந்தக் கதையைத் தன் சொற்களில் திரும்பச் சொல்வதைப் பதிந்து வைத்தால், மொழி மாதத்துக்கு மாதம் வளர்வது பெற்றோருக்கே புலப்படும். நான்கு தூண்களும் இதில் நிற்கின்றன. பிள்ளை செய்கிறது, கவனிக்கிறது, தன் ஊரைப் பற்றிப் பேசுகிறது, ஒரு மனிதரோடு பேசுகிறது. வேறெங்கோ செய்த செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் ஹந்தானை மலையும் தேயிலைக் கொழுந்தும் பெரஹர யானையும் வரப்போவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பக்கத்தில் உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது? காலைப் பெரட்டுக்குப் போய், கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, மாலையில் லயத்துக்குத் திரும்பி உலை வைக்கும் தாயிடமும், நகரத்துக் கடையில் நாள் முழுதும் நின்றுவிட்டு வரும் தாயிடமும், பிள்ளையோடு உட்கார்ந்து செயலி பாருங்கள் என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். அந்த உழைப்பின் பாரத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் கேட்பது மணிக்கணக்கான நேரத்தையல்ல. டிலோச்சின் சோதனையில் வென்ற பெற்றோர் தனியாகப் பாடம் நடத்தவில்லை. செய்கிற வேலையோடு பேசினார்கள். சோறு வேகும் நேரத்தில் பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கதையை ஓடவிட, தாய் வெங்காயம் அரிந்தபடி, பிறகு என்ன நடந்தது என்று கேட்டாலே போதும். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது முடியும். குரலோடு வரும் கதையைப் பேரப்பிள்ளையோடு சேர்ந்து கேட்டுவிட்டு, அவர் தனக்குத் தெரிந்த கதையைத் தொடங்கலாம். தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைகளின் பிள்ளைகளை வளர்த்ததில் பாட்டிமாருக்கும் பிள்ளை மடுவத்து ஆயாமாருக்கும் பெரும் பங்கு உண்டு. அவர்களை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் போனை வைக்க வேண்டியதில்லை. போனை அவர்கள் கையில் கொடுக்கலாம். வீட்டில் ஒரே போன்தான் இருக்கிறது, அதுவும் மாலையில்தான் வரும் என்பதும் குறையாகாது. பெரியவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் பிள்ளைக்குப் போன் கிடைக்கிறது என்பதே அதன் பொருள்.

கண்டிக்கே உரிய இன்னொரு மறுப்பு மொழி பற்றியது. சிங்களம் தெரியாமல் இந்த ஊரில் வாழ முடியாது, ஆங்கிலம் தெரியாமல் மேலே போக முடியாது, ஆகவே சின்ன வயதிலேயே செயலி வழியாக அவற்றைப் புகட்டிவிட வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது, வழிதான் தவறு. கூலின் சோதனை சொல்வது இதைத்தான்: சிறு வயதில் பிறமொழியைக் கொண்டுவருபவர் மனிதர். கண்டியில் அதற்கு மனிதர் குறைவில்லை. பக்கத்து வீட்டில் சிங்களம் பேசும் பிள்ளை இருக்கிறது. பஸ்ஸிலும் சந்தையிலும் அந்த மொழி காதில் விழுகிறது. மாலையில் அரை மணி நேரம் அந்தப் பிள்ளையோடு பல்லாங்குழி ஆடவிட்டால் போதும். அவர்கள் வீட்டிலும் ஒலிந்த கெலிய என்ற பெயரில் குன்றிமணி போட்டு ஆடும் ஆட்டம்தான் அது. ஆங்கிலப் பாட்டைச் செயலியில் கேட்கலாம், தடையில்லை. தாயும் கூடப் பாட வேண்டும். தாய்மொழியில் காரணம் சொல்லவும் கேள்வி கேட்கவும் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தோடுதான் மற்ற மொழிகளுக்குள் போகிறது.

போனையே கொடுக்கக்கூடாது என்பவர்களும் உண்டு. இரண்டு வயது வரைக்கும் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டல், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஆனால் எல்லாரும் எந்நேரமும் போனோடு இருக்கும் வீட்டில் முழுத் தடை நிலைப்பதில்லை. பிள்ளை ஒளித்துப் பார்க்கும், அல்லது சாப்பிட மறுக்கும்போது காணொளி ஓடவிடப்படும். தனியே பார்க்கும் அந்த நேரத்தைச் சேர்ந்து பார்க்கும் நேரமாக்குவதே நடக்கக்கூடியது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் போன் வேண்டாம் என்ற ஒரே விதியை வீட்டில் எல்லாரும், பெரியவர்களும்தான், கடைப்பிடித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பெற்றோரோடு இந்தக் கடமை முடிந்துவிடாது. நம் பிள்ளைகளின் தமிழில், நம் ஊரின் படங்களோடு வந்த நல்ல செயலிகள் மிகக் குறைவு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழியிலும் பாடசாலைப் பாடங்களைத் தருகிறது. அந்தக் கவனம் முன்பள்ளி வயதுக்கும் வர வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மாணவரும் தமிழ் படிக்கும் மாணவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். சேர்ந்து உட்கார்ந்தால், விளம்பரமில்லாத சிறிய கதைச் செயலியொன்று அவர்களுக்கு எட்டாததல்ல. முன்பள்ளி ஆசிரியைகள் பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, நல்ல இரண்டு மூன்று செயலிகளை எப்படிச் சேர்ந்து பார்ப்பது என்று செய்து காட்டலாம்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது எளிது. புதிய செயலியை முதலில் நீங்கள் தனியாகப் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். விளம்பரம் வந்தால், பணம் கேட்டால் அப்போதே அழித்துவிடுங்கள். நல்லதாகப் பட்டால் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு திறவுங்கள். போனை வைத்த பிறகு அதைப் பற்றிப் பிள்ளை உங்களோடு பேசினால் அந்தச் செயலியை வைத்திருங்கள். ஒரு வாரமாகியும் பேசாவிட்டால் அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு வேண்டியதில்லை.