குமரிக் கடலின் பருவங்கள்

பாரத நாட்டின் தென்கோடியில், வங்கக் கடலும் அரபிக் கடலும் இந்தியப் பெருங்கடலும் ஒன்றுகூடும் இடத்தில் கன்னியாகுமரி அமைந்துள்ளது. நிலம் முடிந்து நீர் தொடங்கும் அம்முனையைக் காண ஆண்டுதோறும் பல்லாயிரவர் வருகின்றனர். புறப்படுமுன் அவர்கள் கேட்கும் முதல் வினா, "அங்குச் செல்வதற்கு ஏற்ற காலம் எது?" என்பதாகும். 'அக்டோபர் முதல் மார்ச்சு வரை' என்று வழிகாட்டி நூல்கள் ஒரே வரியில் விடை கூறி அமைந்துவிடும். அவ்விடை பிழை என்பதற்கில்லை. எனினும், அது வானத்தை மட்டும் நோக்கிக் கூறிய விடை. குமரியில் வானுக்கு ஒரு பருவம் உண்டு. கடலுக்கும் தனியே ஒரு பருவம் உண்டு. இவ்விரண்டும் எல்லாத் திங்களிலும் இணங்கி நடப்பதில்லை.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பி வாழ்வது. குமரி மாவட்டமோ இரண்டு மழைகளையும் பெறும் பேறுடையது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அரபிக் கடலினின்றும் நீரை முகந்து வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று வங்கக் கடலினின்றும் மழையைக் கொணர்கிறது. இவ்விரு மழைகளையும் நம்பியே நாஞ்சில் நாட்டு உழவர் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைவித்து வந்தனர். மழையின் பெயரால் அன்றி விளைச்சலின் பெயரால் ஆண்டைப் பகுத்த மக்கள் அவர்கள்.

ஆயினும், மாவட்டம் முழுவதும் ஒரே அளவாக மழை பெய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மிகுதியாகப் பெய்யும் மழை, முனையை அடுத்த அகத்தீசுவரம் பகுதியில் குறைந்துவிடும். மலைத்தொடர் முனையை நெருங்க நெருங்கத் தாழ்ந்து, மருந்துவாழ் மலையோடு முடிந்துவிடுதலின், மேகத்தைத் தடுத்து நிறுத்த அங்கு உயர்ந்த மலை இல்லை. ஆகவே ஜூலைத் திங்களில் குமரிக்குச் செல்பவன், குலசேகரத்தில் குடை பிடித்தவனாகவும், முனையில் வெயில் காய்பவனாகவும் ஒரே நாளில் இருக்கக்கூடும்.

அவ்வெயிலை நம்பிக் கடலை அணுகுவோர் ஏமாந்துபோவர். ஆனி, ஆடித் திங்களில் குமரியை ஆள்வது மழையன்று, காற்று. மீனவர் 'கச்சான்' என்று வழங்கும் மேல்காற்று அப்போது ஓய்வின்றி வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே அது பீறிட்டுப் பாயும். அதனாலேயே முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் காடுபோல் நிறைந்துள்ளன. அம்மி பறக்கும் என்று பழமொழி கூறும் ஆடிக்காற்று ஆலைக்குச் செல்வம்; படகுக்கோ பகை. விவேகானந்தர் பாறைக்கும், 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கும் மக்களை ஏற்றிச் செல்லும் படகுகள், கடல் கொந்தளிக்கும் நாளில் துறையிலேயே நின்றுவிடும். கடல்நீர் வழக்கத்திற்கு மாறாகத் தாழும் நாளிலும் அவை செல்வதில்லை. பாறைக்கும் சிலைக்கும் இடையே 2024 ஆம் ஆண்டின் இறுதியில் கண்ணாடிப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் கரையினின்றும் பாறைக்குச் செல்லப் படகே வேண்டும். நெடுந்தொலைவினின்றும் வந்தவர் துறையில் நின்று, பளிச்சென்ற வெயிலில், எட்டும் தொலைவில் தோன்றும் பாறையைப் பார்த்தபடியே திரும்பும் நாள்கள் ஆடியில் பல.

வியப்பு யாதெனில், அதே ஆடியின் அமாவாசையன்றுதான் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்ற மக்கள் முக்கடல் துறையில் திரள்கின்றனர். பகவதி அம்மன் கோயிலின் தேர்த்திருவிழாவும் மழைக்கு முந்திய வைகாசியில் நடைபெறுகிறது. அடியார்க்குத் திருநாளே பருவம். அலையின் நிலை பார்த்து அவர்கள் வருவதில்லை. அத்தகைய நாளில் காவலர் கயிறு கட்டிக் கரையில் நிற்பதும், இதற்குமேல் இறங்கற்க என எச்சரிப்பதும் வீண் கெடுபிடி எனச் சிலர் முணுமுணுப்பதுண்டு. கயிற்றுக்கு அப்பால் பாறையும் சுழலும் இருத்தலை அறியாதார் முணுமுணுப்பு அது.

புரட்டாசி முடியும்போது காற்று திசை மாறத் தொடங்கும். அக்டோபர் 2 ஆம் நாள் உச்சிப்பொழுதில் கதிரவன் ஒளி, காந்தியடிகளின் நீறு கலசத்தில் வைக்கப்பெற்றிருந்த இடத்தில் விழுமாறு காந்தி மண்டபம் கட்டப்பட்டுள்ளது. அவ்வொளியைக் காணச் செல்வோர்க்கு வானம் பெரும்பாலும் இடங்கொடுக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக்குரியவை. திற்பரப்பு அருவியில் நீர் பெருகி விழும். பேச்சிப்பாறை அணை நிறையும். கடலைக் காண வந்தவர் மலைப்பக்கம் திரும்பினால் மழையும் ஒரு விருந்தாகும்.

ஆனால் கார்த்திகையைப் பற்றிப் பேசும்போது 2017 ஆம் ஆண்டைக் கூறாமல் செல்லுதல் இயலாது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தெற்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு, 30 ஆம் நாள் குமரிக் கடலில் 'ஒக்கி' என்னும் புயலாக வலுத்தது. பொதுவாகப் புயல்கள் கடலில் சில நாள் தங்கி வளர்ந்து, பின்னரே கரையை நெருங்கும். ஒக்கியோ கரைக்கு அருகிலேயே மிக விரைவில் வலுப்பெற்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர் ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்றவர்கள். ஒருமுறை சென்றால் பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர்கள். புயல் வருகிறது என்னும் செய்தி கரையிலிருந்தவரை எட்டியபோது, அவர்கள் செய்தி எட்டாத தொலைவில் இருந்தனர். நிலத்தில் தென்னையும் வாழையும் ரப்பர் மரங்களும் சாய்ந்தன. சாய்ந்த மரத்தை எண்ணிக் கணக்கிட முடிந்தது. கடலுக்குச் சென்றவருள் திரும்பாதோர் யாவர் என்று அறியவோ வாரங்கள் சென்றன. உடல் கிடைக்காமையால், இறந்தான் என்று துணியவும் மாட்டாமல், வருவான் என்று நம்பவும் மாட்டாமல், பல குடும்பங்கள் கரையில் காத்துக் கிடந்தன. வருகையாளர்க்குக் கார்த்திகை மழை ஓர் இடையூறு. நீராவி கமழும் தேநீரோடு விடுதியின் சாளரத்தில் அமர்ந்து அதனைக் கழித்துவிடலாம். அதே மழை அயலூர்க் குடிலில் வேறு பொருள் தருகிறது.

மார்கழி பிற்பகுதி முதல் மாசி வரையுள்ள காலமே குமரியின் பொற்காலம் எனலாம். மழை ஓயும், மேல்காற்றும் இராது, கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வடதிசையினின்றும் வரும் காற்று மெல்லிய குளிர்ச்சி தரும். இதனினும் சிறந்த காரணம் ஒன்றுண்டு. குமரியில் கதிரவன் ஆண்டு முழுதும் கடலினின்றே எழுவான். ஆயினும் ஆண்டு முழுதும் கடலில் மறைவதில்லை. ஆனி, ஆடியில் அவன் வடமேற்கே ஒதுங்கி மறைதலின், மேற்குக் கரை அவனைக் கண்ணுக்கு மறைத்துவிடும். மார்கழி, தையில் தென்மேற்கே சாய்ந்து நேரே நீரில் இறங்குவான். காலையில் கடலில் தோன்றி மாலையில் கடலிலேயே ஒடுங்கும் ஞாயிற்றை ஒரே ஊரில் நின்று காண விழைவோர் இத்திங்களில் செல்லுதல் வேண்டும். சபரிமலைக்குச் சென்று மீளும் ஐயப்ப அடியார் கூட்டமும் அப்போதுதான் பெருகும். விடியற்காலையில் எழுந்து கரைக்குச் சென்றாலும், முன்னே நிற்பவர் தலைகளுக்கு இடையேதான் ஞாயிற்றைக் காண வேண்டியிருக்கும். கூட்டம் விரும்பாதார் மாசித் திங்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

சித்திரை முழுமதி நாள் தனிச் சிறப்புடையது. மேற்கே கதிரவன் மறையும் பொழுதில் கிழக்கே கடலினின்றும் நிறைமதி எழும். எல்லா முழுமதி நாளிலும் இஃது ஓரளவு நிகழ்வதே. எனினும் சித்திரை வானம் தெளிந்திருத்தலின் அன்று மக்கள் அதனை விழாவாகக் கொண்டாடுகின்றனர். பள்ளிகளின் கோடை விடுமுறையும் அக்காலத்தில் தொடங்குகிறது. மூன்று புறமும் கடல் சூழ்ந்தமையால் உள்நாட்டு ஊர்களைப்போல் வெயில் அங்குச் சுட்டெரிப்பதில்லை. காற்று மெல்ல வீசும். வானில் முகிலின் சுவடும் இராது. குழந்தைகளோடு வந்த குடும்பத்தார் கடலில் இறங்கக் கருதுவது அப்போதுதான்.

அக்காலமே கள்ளக்கடலின் காலமுமாகும். குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் வாழும் மீனவர் வழங்கிய சொல் இது. கள்ளனைப்போல் அறிவியாமல் வரும் கடல் என்பது இதன் பொருள். காற்றும் மழையும் இன்றி, வானம் தெளிந்த ஒரு நாளில், திடீரெனக் கடல் ஊரை நோக்கி ஏறி வருவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர் இட்ட பெயர் அது. அறிஞர் இதன் காரணத்தை ஆராய்ந்து கண்டனர். நிலநடுக்கோட்டுக்கு நெடுந்தொலைவு தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கடைக்கோடியில், குளிர்ந்த பகுதியில் பெரும் புயற்காற்று வீசும்போது, அங்கு எழும் பேரலைகள் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து அவை இக்கரையை அடைகின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம் நீண்டது. நடுக்கடலில் அவை பெரிதாகத் தோன்றுவதுமில்லை. ஆழம் குறைந்த கரையை நெருங்கிய பின்னரே அவை உயர்ந்து எழும். நிலநடுக்கத்தால் எழும் ஆழிப்பேரலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மீனவர் சொல்லையே அறிவியற் சொல்லாக 2012 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. கல்லாதார் எனச் சிலர் கருதும் மக்களின் கூரிய நோக்கிற்குக் கிடைத்த மதிப்பு அது.

கள்ளக்கடலின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. நாலைந்து சிற்றலைகள் வந்து காலை நனைத்துச் செல்லும். கடல் தணிந்துவிட்டது என எண்ணிச் சிறுவர் ஓரடி முன்னே வைப்பர். அடுத்து வரும் அலை இடுப்பளவு எழும்; மீளும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துச் செல்லும். 2024 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள், கன்னியாகுமரிக்கு மேற்கேயுள்ள கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை வெளியாகியிருந்த நாள்கள் அவை. பிறர் உயிர் காக்கும் கலையைப் பயின்ற இளைஞர் அவர்கள். அன்று வானம் அவர்கட்கு யாதோர் அச்சத்தையும் காட்டியிராது.

இக்காலத்தில் ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் தென்கடலின் அலைகளை ஆராய்ந்து, கள்ளக்கடல் வருமென முன்னரே அறிவிக்கிறது. அவ்வறிவிப்பு செய்தித்தாளிலும் வானொலியிலும் வெளியாகிறது. ஊருக்குப் புறப்படுவோர் மழை உண்டா என்று பார்ப்பதுபோல் இதனையும் பார்ப்பாராயின் நன்று. பார்க்க மறந்தவர்க்கும் வழியுண்டு. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கும் முதியவரை அணுகி, "ஐயா, இன்று கடல் எப்படி?" என்று கேட்டால் போதும். அவர் வானத்தை நோக்கமாட்டார். சற்று நேரம் அலையையே நோக்கி இருந்து, பின் விடை கூறுவார்.

அவர்க்கும் அரசு ஒரு பருவ அட்டவணை வகுத்துள்ளது. மீன்வளம் பெருகும்பொருட்டு விசைப்படகுகள் ஆண்டில் 61 நாள் கடலுக்குச் செல்லலாகாது. கிழக்குக் கரையில் அத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரு கடலுக்கும் உரிய குமரி மாவட்டத்தில் இரு தடைகளும் நடப்பில் உள்ளன. ஜூன் 15 ஆம் நாள் சின்னமுட்டம் துறையினின்றும் படகுகள் ஆரவாரத்தோடு புறப்படும்போது, சில கல் தொலைவில் உள்ள முட்டத்திலும் குளச்சலிலும் படகுகள் கட்டப்பட்டே கிடக்கும். ஆகஸ்டு முதல் நாள் விடியுமுன் அங்கும் பொறிகள் முழங்கும். பனிக்கட்டியும் வலையும் நீரும் ஏற்றப்படும். பெண்டிர் கரையில் நின்று, படகுகளின் விளக்குகள் கண்ணுக்கு மறையுமளவும் நோக்கியிருப்பர். அப்போதும் மேல்காற்று முற்றும் ஓய்ந்திராது. வருகையாளர் காலம் தொடங்க இன்னும் இரண்டு திங்கள் இருக்கும்.