மாம்பழமும் பத்தடி தூரமும்

பலகையில் கை, திரையில் கண்: டிஜிட்டல் ஓவியம் பழகும் எவருக்கும் முதல் வாரத் தடுமாற்றம் இது. காகிதத்தில் வரைகிறவர் பென்சில் முனையைப் பார்த்தபடியே வரைகிறார். பென் டேப்லட் என்ற கறுப்புப் பலகையில் பேனாவை இழுத்தால் கோடு அங்கே விழுவதில்லை. ஒரு முழம் தள்ளி, எதிரிலுள்ள திரையில் விழுகிறது. சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் பயிற்சிக்கூடத்தில், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் மூன்று நாள் படமே கிடையாது. கோலத்துக்கு வைப்பதுபோல வரிசையாகப் புள்ளி வைத்து, ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கோடு வளையும். முழங்கையிலிருந்து இழுத்தால் நேராகப் போகும். தினமும் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இது இரண்டாம் நாளே பிடிபட்டுவிடுகிறது. கட்டுரையாளருக்கு ஐந்தாம் நாள்வரை பிடிபடவில்லை.

பலகைக்குள் மெல்லிய கம்பிகள் வலைபோல் ஓடுகின்றன. அவை எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனா தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தான் நிற்கும் இடத்தையும் தன்மேல் விழும் அழுத்தத்தையும் திருப்பிச் சொல்கிறது. அதனால் அதற்கு பேட்டரி தேவையில்லை. ஜப்பானின் வாக்கம் நிறுவனம் பரவலாக்கிய முறை இது. இன்றைய பலகைகள் பலவற்றில் அழுத்தத்துக்கு 8192 படிகள் உண்டு. கடைக்காரர்கள் இந்த எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள். பழகுகிறவரின் கை பத்துப் பன்னிரண்டு படிகளைப் பிரித்து அழுத்தவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், தொடக்கத்துக்குச் சிறிய, விலை குறைந்த பலகையே போதும்.

மென்பொருளில் இந்தக் கூடம் கிருத்தாவைப் பயன்படுத்துகிறது. 1999இல் தன்னார்வலர்கள் தொடங்கிய திட்டம் அது. 2009 வாக்கில் ஓவியர்களுக்கான கருவி என்ற திசையில் உறுதியாகத் திரும்பியது. இன்றுவரை காசு கேட்பதில்லை. ஐபேட் வைத்திருப்பவர்கள் புரோகிரியேட்டில் வரைகிறார்கள். அச்சகம், விளம்பரத் துறைகளில் 1990இல் வந்த போட்டோஷாப்தான் இன்னும் பொதுமொழி. அதில் லேயர் வசதி 1994இல்தான் சேர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனியே வரைவது போன்ற இந்த ஏற்பாடு இல்லாத டிஜிட்டல் ஓவியத்தை இன்றைய மாணவர்களால் கற்பனை செய்யவே முடியவில்லை.

ஆசிரியருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இளமையில் சினிமா பேனர் வரைந்தவர். படத்தின் ஸ்டில் ஒன்றில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெருக்கிப் பேனரிலும் போட்டு, ஒரு கட்டத்துக்குள் இருப்பதை இன்னொரு கட்டத்துக்குள் ஏற்றி, 20 அடி, 30 அடி உயர முகங்களை எழுப்பிய தொழில் அது. கிட்டே போய்ப் பார்த்தால் கதாநாயகனின் கன்னத்தில் ரோஸ், பச்சை, ஊதா என்று பட்டை பட்டையாக வண்ணம் அப்பியிருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் நின்றால் அத்தனையும் கலந்து தோலாகிவிடும். 2000க்குப் பிறகு வினைல் துணியில் அச்சடிக்கும் ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அநேகமாக முடித்துவைத்தது. மாஸ்டர் சில வருடம் பள்ளிக்கூடச் சுவர்களில் வரைந்தார், பிறகு மகனின் கணினியில் உட்கார்ந்து பழகிக்கொண்டார். பேனரிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சொத்து. அது தூரம். “கிட்டப் பாத்து வரை, எட்டப் பாத்து முடிவு பண்ணு” என்று நாளைக்கு நாலு முறையாவது சொல்கிறார்.

கணினியில் இல்லாமற்போவது இந்தத் தூரம்தான். பேனர்க்காரர் சாரத்திலிருந்து இறங்கியே ஆக வேண்டும். கணினியில் இறங்க வேண்டியதில்லை, சக்கரத்தைச் சுழற்றினால் கண்ணிமை ஒரு திரையளவு பெரிதாகிறது. புதியவர்கள் அந்த இமையிலேயே இரண்டு மணி நேரம் குடியிருந்துவிட்டு வெளியே வரும்போது முகம் கோணலாயிருப்பது தெரிகிறது. அதனால் இங்கே ஒவ்வொருவர் திரையின் மூலையிலும் அதே படம் தபால்தலை அளவில் இன்னொரு சாளரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. பாடத்திட்டமும் அந்த விதியிலிருந்தே பிறந்தது எனலாம். தனித்தனியாகக் கருவிகளை விளக்கும் வகுப்பு கிடையாது. நான்கு சிறு படங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் முடித்தே ஆக வேண்டும்.

முதல் படம் மாம்பழம், அதுவும் கறுப்பு வெள்ளையில். மேசை விளக்கை ஒரு பக்கமாக வைத்து, உண்மையான பழம் ஒன்றை எதிரில் வைக்கிறார்கள். முதலில் பழத்தின் வெளி உருவத்தை நடுத்தரச் சாம்பலால் நிரப்பி, அந்த லேயரின் ஆல்ஃபாவைப் பூட்டிவிட வேண்டும். பூட்டியபின் தூரிகை எவ்வளவு அலைந்தாலும் வண்ணம் பழத்துக்கு வெளியே சிந்தாது. அடுத்து விளிம்பு கூரான தூரிகையால் நிழற்பக்கம் மொத்தத்தையும் ஒரே அடர்த்தியில் நிரப்ப வேண்டும். இதுவரை இரண்டே சாம்பல்கள். இந்த நிலையிலேயே தபால்தலைச் சாளரத்தில் அது உருண்டையாகத் தெரிந்தால் மேலே போகலாம். தெரியாவிட்டால் எத்தனை நுணுக்கம் சேர்த்தும் பயனில்லை. பிறகுதான் ஒளிப்பக்கத்துக்கும் நிழற்பக்கத்துக்கும் இடையிலான நிறம், மேசையில் பட்டுத் திரும்பி அடிவயிற்றில் ஏறும் மங்கலான எதிரொளி, பழம் மேசையைத் தொடும் இடத்தில் மிகக் கறுப்பாகி விலக விலக மங்கும் விழுநிழல், கடைசியாக மினுக்கு.

இங்கேதான் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஏர்பிரஷ் என்ற மிருதுவான தூரிகை கையில் கிடைத்ததும் எல்லா விளிம்புகளையும் தேய்த்து மழுப்பிவிடுகிறார்கள். பழம் பலூனாகிவிடுகிறது. “பவுடர் போட்ட மாதிரி இருக்கு பாப்பா” என்பது மாஸ்டரின் வழக்கமான தீர்ப்பு. விழுநிழலின் விளிம்பு பழத்துக்கு அருகே கூராகவும், தள்ளிப்போகப் போக மிருதுவாகவும் இருப்பதை அவர் விரலை விளக்குக்கு நேரே நீட்டிக் காட்டுகிறார். எந்த விளிம்பு கூர், எது மிருது என்று முடிவெடுப்பதே பாதி ஓவியம். மற்றொரு தவறு எதிரொளியை ஒளிப்பக்கம் அளவுக்குப் பளிச்சென்று போடுவது. நிழற்பக்கத்தில் உள்ள எதுவும் ஒளிப்பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிடவும் அடர்வாகவே இருக்க வேண்டும். கட்டுரையாளர் வரைந்த பழம் இந்த இரண்டு தவறுகளையும் ஒருசேரத் தாங்கி, உருளைக்கிழங்கு என்று சரியாகவே அடையாளம் காணப்பட்டது.

சாம்பல் பழத்துக்கு வண்ணம் ஏற்றுவது அடுத்த நாள். மேலே ஒரு லேயர் போட்டு அதன் முறையை ‘கலர்’ என்று மாற்றினால், கீழே உள்ள வெளிச்ச வேறுபாடு அப்படியே இருக்க, மஞ்சள் மட்டும் ஏறுகிறது. பார்க்க மாயம் போலிருக்கும். ஆனால் பழம் களிமண் பொம்மைக்குச் சாயம் பூசியதுபோல உயிரற்றுக் கிடக்கும். வெளிச்சம் குறையும்போது மஞ்சள், வெறும் கருமஞ்சளாவதில்லை. ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் நகர்கிறது, காம்பருகே பச்சை எட்டிப்பார்க்கிறது. அதைக் கையால்தான் தேட வேண்டும். மாஸ்டர் நிழலில் கொஞ்சம் ஊதாவை வைத்தபோது வகுப்பே முகம் சுளித்தது. தபால்தலைச் சாளரத்தைப் பார்த்தபின் யாரும் பேசவில்லை. பழைய பேனர்க் கன்னங்கள் அந்தப் பழத்தில் திரும்பி வந்திருந்தன.

இரண்டாவது படம் எவர்சில்வர் டம்ளர். எவர்சில்வருக்கென்று சொந்த நிறம் அநேகமாகக் கிடையாது. சுற்றியிருப்பதை அது திருப்பிக் காட்டுகிறது. மாம்பழத்தில் மெல்ல மெல்ல மாறிய அடர்த்தி இங்கே வெட்டு வெட்டாகத் தாவுகிறது. வெள்ளைக்கு ஒட்டியே கறுப்பு, அதற்கு ஒட்டியே ஜன்னலின் நீலம், எல்லாம் செங்குத்துப் பட்டைகளாக. செலக்‌ஷன் கருவியால் பட்டையின் எல்லையைக் கட்டிவிட்டு நிரப்பினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். பார்க்கக் கடினம், செய்ய எளிது. மாணவர்களுக்கு முதன்முதலாகத் தன்னம்பிக்கை வருவது இந்தப் படத்தில்தான்.

மூன்றாவது, அந்தி நேரத்துத் தேநீர்க்கடை. இதில் பர்ஸ்பெக்டிவ் சுருக்கமாகச் சொல்லித் தரப்படுகிறது. பார்க்கிறவரின் கண்மட்டமே தொடுவானக் கோடு. அவர் நின்று பார்த்தால், சமதரையில் அவர் உயரத்தில் நிற்பவர்களின் கண்கள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் அந்தக் கோட்டை ஒட்டியே அமையும். இந்த ஒன்று தெரிந்தாலே கூட்டம் வரையும் பயம் பாதி போய்விடுகிறது. நேரம் செலவாவது லேயர் முறைகளில். பகல் வெளிச்சத்தில் முழுக்கடையையும் வரைந்துவிட்டு, மேலே ‘மல்டிப்ளை’ லேயர் ஒன்றில் கருநீலத்தை ஊற்றினால் பொழுது சாய்ந்துவிடுகிறது. பெயருக்கேற்றபடி அது பெருக்கல்தான்: வெளிச்சத்தை 0 முதல் 1 வரையான எண்ணாகக் கொண்டால், 0.5 மேல் 0.5 விழும்போது 0.25 கிடைக்கும். வெள்ளை 1 என்பதால் அது எதையும் மாற்றாது. விடை எப்போதும் கீழே இருப்பதைவிட வெளிச்சமாக வராது, நிழலுக்கு வேண்டியதும் அதுவே. பல்பு வெளிச்சத்துக்கு, இதற்கு நேர் எதிரான ‘ஸ்கிரீன்’ முறை. பாய்லரின் ஆவி, கண்ணாடி ஜாடிக்குள் பட்டர் பிஸ்கட், வாழைத்தாரின் மஞ்சள் என்று சேர்க்கச் சேர்க்க லேயர்கள் நாற்பதைத் தாண்டுகின்றன. ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480க்கு 3508 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் வீதம், முழுதாக நிரம்பிய ஒரு லேயர் சுமார் 35 மெகாபைட் நினைவகத்தைக் கேட்கும். பழைய கணினிகள் இந்தக் கட்டத்தில்தான் பெருமூச்சு விட ஆரம்பிக்கின்றன.

வகுப்பில் ஏழு பேர். கல்லூரி மாணவர்கள் மூவர். குழந்தைகள் தூங்கியபிறகு வரையும் இல்லத்தரசி ஒருவர், தனக்கென்று இருக்கும் ஒரே நேரம் அதுதான் என்கிறார். கோடம்பாக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை ஒன்றில் பத்து வருடம் டிசைனராக இருந்த ஒருவரும் உண்டு. போட்டோஷாப்பின் குறுக்கு விசைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம், காது ஒன்று வரையச் சொன்னால் கை நின்றுவிடும். தன் தொழிலை விழுங்கிய ஃப்ளெக்ஸின் ஆளுக்கு மாஸ்டர் காது வரையச் சொல்லித் தருகிறார். அவர் மாஸ்டருக்கு ஃபைல் அனுப்பச் சொல்லித் தருகிறார். இருவரும் பழையதைப் பேசிப் பார்த்ததில்லை. “தம்பி, அந்தக் காதை இழுத்து மேல வை” என்பதோடு சரி.

நான்காவது படம் கதைக்கு ஓவியம். தமிழ் வார இதழ்களில் இதற்கு நெடிய பரம்பரை உண்டு. 1950இல் கல்கியில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது மணியம் வரைந்த முகங்களே வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் இன்றளவும் பலர் மனத்தில் நிற்கின்றன. கணினியைத் தூரிகையாக எடுத்துக்கொண்ட தமிழ் ஓவியர்களில் முன்னோடி டிராட்ஸ்கி மருது. மாணவர்கள் சிறுகதை ஒன்றை இருமுறை படித்து, எந்தக் கணத்தை வரைவது என்று முடிவு செய்து, உள்ளங்கை அளவில் மூன்று முன்வரைவுகள் போட வேண்டும். முடிவைக் காட்டிக்கொடுக்கும் கணத்தை எடுக்கக் கூடாது. வீட்டில் யாரையாவது அதே நிலையில் உட்கார வைத்து போனில் படமெடுத்து ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்கிறார்கள். இல்லத்தரசியின் மாமியார் இதுவரை மூன்று கதைகளில் கிழவியாக உட்கார்ந்துவிட்டார். வரையும்போது நடுநடுவே எம் விசையை அழுத்தினால் படம் இடவலம் மாறித் தெரியும். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் உடனே துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பார்க்கும் பழைய ஓவியர் பழக்கத்தின் கணினி வடிவம் இது. அன்டூவைப் பற்றி மாஸ்டருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு கோட்டை முப்பது முறை அழித்துப் போடுகிறவருக்கு முப்பத்தோராவது கோடும் நம்பிக்கையில்லாமலே வருகிறது என்பது அவர் கட்சி. முகத்தின் வெளிக்கோட்டுக்கு மட்டும் அவர் அன்டூவைத் தடை செய்கிறார். கடுமைதான், ஆனால் அந்தக் கோடுகளில் ஓர் ஓட்டம் வந்துவிடுவதை மறுக்க முடியாது.

வேலை என்று பார்த்தால், பாடநூல் படங்கள், சிறுவர் நூல்கள், புத்தக அட்டை, விளையாட்டுகளுக்குப் பின்னணி, அனிமேஷன் நிறுவனங்களுக்கு முன்வரைவு ஆகியவை உண்டு. கூலி ஒழுங்கற்றது, திருத்தங்களுக்குக் கணக்கு கிடையாது. சொற்களைத் தட்டினால் படம் துப்பும் மென்பொருள்கள் வந்தபின் சிறிய அட்டை வேலைகள் குறைந்துவிட்டதாக இங்கு வரும் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, கையிலிருக்கும் வேலையைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கடைசிப் பாடம் அச்சு. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகம் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மையால். திரையில் கூசும் பச்சையும் மின்னும் நீலமும் மையில் எட்டாதவை. அதனால் சிவகாசிக்கு அனுப்பும் முன் படத்தை மை நிறங்களுக்கு மாற்றிப் பார்த்து, மங்கும் இடங்களைச் சரிசெய்ய வேண்டும். கருநீல அந்தியை வரைந்தவர்களுக்கு இந்தக் கட்டம் வலிக்கும். கல்லூரி மாணவர் ஒருவரின் தேநீர்க்கடை ஒரு சிறுபத்திரிகைக்கு அட்டையாகி, புரூஃப் வந்த அன்று, பாய்லருக்குப் பின்னாலிருந்த இருவர் இருட்டில் காணாமல் போயிருந்தார்கள். மாஸ்டர் அந்தத் தாளை வாங்கி மாடிச் சுவரில் ஒட்டிவிட்டு, படிக்கட்டுவரை பின்னால் நடந்து நின்று பார்த்தார். பல்பைச் சுற்றி இன்னும் ஒரு கை மஞ்சள் வேண்டும் என்றார். மாணவர் ஃபைலைத் திறந்து, அந்த லேயரைத் தேடத் தொடங்கினார். நாற்பத்திரண்டு லேயர்களில் ஒன்றுக்கும் பெயர் வைத்திருக்கவில்லை.